நாலு காபரேட்டரும் ஒரே மூச்சு விட

காலையில், தடுமாறுகிற பைக்கின் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் ஐட்லிங்கில், அதாவது அக்சிலேட்டர் கொடுக்காமல், ஓடவிட்டு, எக்ஸோஸ்ட் குழாய்கள் நாலிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மூன்றில் ‘ஸ்ஸ்’ என்று பொரிந்து மறையும். நாலாவதில் சத்தமே இல்லாமல் வழிந்து போகும். அந்தச் சிலிண்டர் ஐட்லிங்கில் எரியவில்லை. அக்சிலேட்டரைக் கொடுத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும் என்பதால், ஓட்டுகிறவருக்கு ‘சிக்னலில் நின்றால் ஓஃப் ஆகுது, ஓடினால் நல்லா இருக்கு’ என்று மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்து முழு காபரேட்டர் செட்டையும் கழற்றுவதற்கு முன், ஒரு சொட்டுத் தண்ணீர் இவ்வளவு சொல்லிவிடும்.

கொழும்பில் இன்னும் ஓடுகிற நாலு சிலிண்டர் 250 சிசி மோட்டார் சைக்கிள்கள், அதாவது ஹொண்டா ஜேட், ஹோர்னெட், கவாசாகி பலியஸ், சுசுகி பண்டிட் எல்லாம் பெரும்பாலும் 1990களில் செய்யப்பட்டு ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷனாக இங்கே வந்தவை. ஒவ்வொன்றிலும் காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற நாலு காபரேட்டர், அவற்றுக்குள் நாலு டயப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு), நாலு ஃப்ளோட் (பெற்றோல் மட்டத்தைக் காக்கிற மிதவை), நாலு பைலட் ஸ்குரூ (ஐட்லிங் கலவையைச் சரிசெய்கிற திருகு). ஏதாவது ஒன்று பிசகினால் நாலும் பிசகியதுபோல்தான் தெரியும். கராஜுக்குக் கொண்டுபோய் ‘பாஸ், காபரேட்டரைக் கொஞ்சம் பாருங்கோ’ என்று விட்டால், பாஸும் மறுக்காமல் ஸ்குரூட்ரைவரை எடுத்து வெளியே தெரிகிற ஸ்குரூவைத் திருகுவார். சத்தம் மாறும். கொஞ்சநேரம் நல்லதுபோலவும் இருக்கும். ஆனால் இந்த வேலையில் காபரேட்டர் கடைசியாகத் தொடவேண்டியது. ரியூனிங்கில் முக்கால்வாசி அதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

கழற்ற முன் பார்க்கவேண்டியவை

முதலில் பற்றரி. நிற்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையிலும் இருக்கவேண்டும். சார்ஜிங் பலவீனமான பைக்கில் ஸ்பார்க்கும் பலவீனம். அது காபரேட்டர் கோளாறுபோலவே நடிக்கும். அடுத்தது பிளக். நாலையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது எது என்று குறித்து, வரிசையாக வையுங்கள். நாலும் ஒரே மாதிரிக் கறுப்பென்றால் நாலுக்கும் பொதுவான காரணம்: அடைத்த ஏர் ஃபில்டர், முழுதாக மூடாத சோக் (ஆறிய எஞ்சினை எழுப்பப் பெற்றோலைக் கூட்டுவது), பலவீனமான மின்சாரம். ஒன்று மட்டும் கறுப்பென்றால் அந்தக் காபரேட்டர், அந்தக் கொயில், அந்த பிளக் கப் என்று தேடலாம். பிளக் கப்பை இடம் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பிறகு வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பகுதிக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி. இதை எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள். நாலு சிலிண்டர் 250 என்றால் 16 வால்வு. ஷிம் என்கிற சிறு தகடு போட்டுச் சரிசெய்கிற வகையென்றால் கூலியும் கூட, நேரமும் கூட. ஆனால் வால்வு இறுக்கமாக இருக்கிற சிலிண்டரில் ஐட்லிங் வெற்றிடம் குறைவாகவே வரும். பிறகு அந்த வெற்றிடத்தை அளக்கிற வெற்றிடமானி பூட்டி, அந்தக் காபரேட்டரின் பட்டர்ஃபிளையை (காற்றுவழியைத் திறந்து மூடுகிற தகடு) திருகி மற்ற மூன்றோடு சமன் காட்டச் செய்தால், அளவுமானியை ஏமாற்றினோமே தவிர எஞ்சினைச் சரிசெய்யவில்லை. எஞ்சின் முற்றாக ஆறியபின், பைக்கின் கைநூல் சொல்கிற அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தபிறகே அடுத்த வேலைக்குப் போகவேண்டும்.

பெற்றோல் வருகிற வழியையும் மறக்கக்கூடாது. டாங்கி மூடியில் காற்று போகிற சிறு துளை அடைத்தால், பைக் பத்துக் கிலோமீற்றர் நன்றாக ஓடி, பிறகு மூச்சுத் திணறி நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்று இழுத்தால் விஷயம் அதுதான். வெற்றிடத்தால் திறக்கிற பெற்றோல் டப் உள்ள பைக்கில், அந்த மெல்லிய வெற்றிட ரியூபைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் ஈரம் இருந்தால் டப்பின் டயப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த ரியூப் போகிற சிலிண்டர் நேரடியாகப் பெற்றோலைக் குடிக்கிறது. அந்த ஒரு பிளக் மட்டும் கறுத்து நனைந்திருப்பதற்குக் காபரேட்டர் பொறுப்பல்ல.

கடைசியாகக் காற்றுக் கசிவு. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்ட் ரப்பர்கள் முப்பது வருட வெயிலில் கல்லாகிவிடும். வெளியில் நல்ல ரப்பராகத் தெரியும். மடித்துப் பார்த்தால் உள்வளைவில் முடிக்கோடு போல வெடிப்பு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே போத்தலால் ஒவ்வொரு ரப்பரைச் சுற்றியும் மெல்லத் தெளியுங்கள். சத்தம் ஒரு கணம் மாறினால் அங்கேதான் கசிவு. காபரேட்டர் கிளீனரால் தெளிப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸோஸ்ட்டுக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம், தண்ணீரே போதும். வெற்றிடமானி பூட்டுகிற துவாரங்களை மூடியிருக்கும் சிறு ரப்பர் மூடிகளையும் ஸ்குரூ வாஷர்களையும் அப்போதே பாருங்கள். அவற்றில் ஒன்று வெடித்தாலும் போதும்.

இந்த ஊர்க் காலநிலை ஒரு நல்ல சோதனைக் கருவி. கொழும்பில் விடிகாலையில்கூட 22 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. ஆகவே சோக் அரை நிமிடம், கூடிப்போனால் ஒரு நிமிடம் போதும். ஐந்து நிமிடம் சோக் இழுத்து வைக்கவேண்டியிருக்கிறது, மத்தியானம் சூடான எஞ்சினையும் சோக் போட்டுத்தான் எழுப்பவேண்டியிருக்கிறது என்றால் பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெற்றோலை அளந்து விடுகிற, துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று கசிகிறது. குளிர்நாட்டில் எழுதிய வழிகாட்டிகளில் இது ஒரு சாதாரண விஷயமாக இருக்கும். இங்கே இது நேரடியான நோய்க்குறி.

எந்தத் துளை எப்போது பேசும்

அக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மூடியநிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். மூடியநிலையிலிருந்து கால் வரை பைலட் ஜெட்டும் பைலட் ஸ்குரூவும். காலிலிருந்து முக்கால் வரை நீடில் என்கிற ஊசியும் அது இறங்கி நிற்கிற நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், ஆனாலும் கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று தெரிந்தால் எந்தப் பித்தளைத் துண்டைப் பார்ப்பது என்பதும் தெரியும்.

காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஓட்டுகிறவரின் கை அந்தக் கால்வாசிக் கோட்டைத் தாண்டுவதே அபூர்வம். மோட்டார் சைக்கிளை அதிவேகப் பாதையிலும் ஏற்ற முடியாது. அப்படியானால் கொழும்புப் பைக்கின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் பைலட் வழியிலேயே தங்கியிருக்கின்றன. ஆனாலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் முதலில் கேட்பது ‘பெரிய மெயின் ஜெட் இருக்கா?’ என்றுதான். மெயின் ஜெட்டைக் கூட்டினால் சிக்னலில் ஓஃப் ஆவது நிற்காது.

காற்றுக்குப் பெற்றோல் குறைந்தால் வருகிற அடையாளங்கள் இவை: அக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் 3000இல் தொங்கிக்கொண்டு நிற்கும், இறக்கத்தில் அக்சிலேட்டரை மூடினால் சைலன்ஸரில் பட்பட்டென்று வெடிக்கும், சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் நன்றாக ஓடும். பெற்றோல் கூடினால் எதிர்மாறு. ஆறியபோது நன்றாக இருந்து சூடானபின் கெடும், அக்சிலேட்டரை விட்டதும் ஆர்.பி.எம். ஐட்லிங்குக்கும் கீழே விழுந்து பிறகு ஏறும், கண் எரிகிற மணம் வரும். ஆனால் எக்ஸோஸ்ட் கேஸ்கட் ஒழுகினாலும் வெடிக்கும். அக்சிலேட்டர் கேபிள் இறுகினாலும் ஆர்.பி.எம். தொங்கும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆர்.பி.எம். மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபரேட்டரைக் குற்றம் சொல்லவேண்டும்.

கழற்றுதல்

ஜப்பான் காபரேட்டரின் ஸ்குரூத் தலை வழமையான நட்சத்திரத் தலையல்ல. ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பான் அளவு. பல தலைகளில் ஓரமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். சாதாரண நட்சத்திர ஸ்குரூட்ரைவர் அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலேறி, தலையைத் தின்றுவிடும். கொழும்பில் ஓடுகிற பழைய காபரேட்டர்களில், அடியில் பெற்றோல் தேங்குகிற பவுலின் ஸ்குரூக்கள் வட்டக்குழியாகக் கிடப்பதற்குப் பலத்தைவிட இந்தப் பொருத்தமின்மைதான் காரணம். புறக்கோட்டையில் ஆயுதக்கடை ஏறி இறங்கினால் ஜே.ஐ.எஸ். ஸ்குரூட்ரைவர் கிடைக்கும், இரண்டாம் நம்பர் ஒன்று போதும். அசையாத ஸ்குரூவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் ஸ்குரூட்ரைவரை நேராக நிறுத்தி, பின்பக்கத்தில் சுத்தியலால் ஓர் அடி அடித்துவிட்டுத் திருகுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடற்கரையை ஒட்டி நிற்கிற பைக்குகளில் உப்புக்காற்று அலுமினியத்தில் வெள்ளை மாவாகப் பூத்து, ஸ்குரூவை வார்ப்போடு ஒட்டவைத்துவிடும். அங்கே இந்தப் பொறுமை கட்டாயம்.

நாலு காபரேட்டரையும் பிடித்துவைத்திருக்கும் தகட்டிலிருந்து தேவையில்லாமல் பிரிக்காதீர்கள். பிரித்தால் இடையிலுள்ள பெற்றோல் குழாய்களின் ஓ-ரிங்குகள் மறுபடி பூட்டும்போது ஒழுகும். செட்டாகவே மேசையில் வைத்து, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் திறவுங்கள். முட்டை வாங்குகிற அட்டைத் தட்டு இதற்கு மிகப் பொருத்தம். ஒரு வரிசை ஒரு காபரேட்டருக்கு.

பைலட் ஸ்குரூவில்தான் அதிகமானோர் தவறு விடுகிறார்கள். கழற்ற முன் அதை மெதுவாக உள்ளே திருகி, அடியில் தொடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஒன்றேமுக்கால், இரண்டேகால் என்று அரைக்கால் சுற்று வரை நுணுக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தொடும்வரை’ என்றால் இரண்டு விரலால் உணர்கிற தொடுகை. அதற்குமேல் இறுக்கினால் ஊசிபோன்ற நுனி வார்ப்புக்குள் முறிந்து நிற்கும், அதோடு அந்தக் காபரேட்டர் போய்ச் சேர்ந்தது. வெளியே எடுக்கும்போது ஸ்குரூ, ஸ்பிரிங், ஒரு மிகச் சிறிய வாஷர், அதைவிடச் சிறிய ஓ-ரிங் என்று நாலு துண்டு வரவேண்டும். ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் மட்டும் கையில் வந்தால், மற்ற இரண்டும் துளைக்குள்ளேயே இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் கொம்பிரஸர் காற்றை அடித்தால், பயறு அளவுகூட இல்லாத அந்த வாஷரை கராஜ் முழுவதும் தேடவேண்டும். பூட்டும்போதும் அதே ஒழுங்கு: ஸ்பிரிங், வாஷர், கடைசியில் ஓ-ரிங். ஓ-ரிங் இல்லாமல் பூட்டினால் நூல்வழியே காற்றுப் புகுந்து, எத்தனை சுற்று வைத்தாலும் ஐட்லிங் நிலைக்காது.

சுத்தம் செய்தல்

பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒரு புள்ளி வெளிச்சம் தெரியவேண்டும். பிறைபோலத் தெரிந்தால் பாதி அடைப்பு. கேயிஹின் என்கிற ஜப்பான் கம்பனியின் பைலட் ஜெட்டில் 35 என்று இருந்தால் துளை 0.35 மில்லிமீற்றர் அளவு. பெற்றோல் உலர்ந்து மிஞ்சுகிற பச்சைநிறப் பசை அதை அடைக்க அதிகம் வேண்டியதில்லை. சாதாரண வளையும் மின்கம்பியை உரித்து அதில் ஓர் இழையை எடுத்தால் பெரும்பாலும் 0.2 மில்லிமீற்றர். செம்பு என்பதால் பித்தளையைக் கீறாது. தையல் ஊசியும் துளையிடும் பிட்டும் தொடவே கூடாது. அவற்றால் துளை ஒரு நூலளவு பெருத்தால் 35 என்ற இலக்கம் பொய்யாகிவிடும், அடுத்துத் திறக்கிறவர் அந்த இலக்கத்தை நம்பி ஏமாறுவார். ஜெட்டின் பக்கவாட்டிலுள்ள குட்டித் துளைகளும் திறந்திருக்கவேண்டும்.

தேசிக்காய்ப் புளியில் ஊறப்போடுகிற கைவைத்தியம் ஒன்று உண்டு. பித்தளை ஜெட் பளபளக்கும், உண்மைதான். ஆனால் காபரேட்டரின் உடல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு, புளி அதைத் தின்னும். உடலுக்கு காபரேட்டர் கிளீனரும் காற்றும்தான். கிளீனரை அடிக்க முன் டயப்ரம், ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டயப்ரத்தில் பட்டால் அது ஊதிப் பெருத்து, மறுநாள்வரை தன் இடத்தில் உட்காராது. பைலட் ஜெட் இருக்கிற துளையில் கிளீனரை அடித்தால், பட்டர்ஃபிளைக்கு அருகிலுள்ள சிறு துளைகள் எல்லாவற்றாலும் பீறிட்டு வரவேண்டும். ஏதாவது ஒன்றிலிருந்து வராவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை. கிளீனர் திரும்பித் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

டயப்ரங்களை விரலால் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசித்துளை ஒன்று இருந்தாலும் அந்தக் காபரேட்டரின் பிஸ்டன் (காற்றுவழியில் ஏறி இறங்குகிற உருளை, எஞ்சின் பிஸ்டனல்ல) மற்றவற்றோடு சேர்ந்து எழும்பாது. எல்லாம் பூட்டியபின் இன்னொரு சோதனை: விரலால் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள், நாலும் ஒரே வேகத்தில், அவசரமில்லாமல் இறங்கவேண்டும். ஒன்று மட்டும் ‘டக்’ என்று விழுந்தால் டயப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது அதன் விளிம்பு மூடிக்குள் மடிந்து சிக்கியிருக்கிறது.

பிறகு ஃப்ளோட். இதன் உயரத்தை அளக்கும்போது காபரேட்டரைச் சரித்துப் பிடிக்கவேண்டும். ஃப்ளோட்டின் நாக்கு, ஊசிவால்வின் ஸ்பிரிங் முனையைத் தொடவேண்டும், அமுக்கக்கூடாது. தலைகீழாக வைத்தால் ஃப்ளோட்டின் பாரமே ஸ்பிரிங்கை அமுக்கி அளவைப் பிழையாக்கும். கைநூலில் உள்ள அளவுக்கு அரை மில்லிமீற்றர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இருக்கலாம். ஆனால் நாலும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவேண்டும். அதைவிட நம்பகமான முறை ஒன்று உண்டு. பவுலின் அடியிலுள்ள வடிகால் மூக்கில் தெளிவான ரியூபைப் பூட்டி, மேலே வளைத்து காபரேட்டரின் பக்கத்தில் பிடித்து, வடிகால் ஸ்குரூவைத் திறந்தால், உள்ளே இருக்கிற பெற்றோல் மட்டம் அப்படியே ரியூபில் தெரியும். நாலிலும் ஒரு மில்லிமீற்றருக்குள் இருந்தால் திருப்தி. ஊசிவால்வின் ரப்பர் நுனியில் மோதிரம்போலத் தடம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது ஒழுகினால் பெற்றோல் சிலிண்டர் வழியாக எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மட்டம் தானாக ஏறியிருக்கிறதா, ஒயிலில் பெற்றோல் மணக்கிறதா என்று பாருங்கள். மணந்தால் ஒயிலை மாற்றாமல் ஒருதரம்கூட ஸ்டார்ட் பண்ணக்கூடாது.

உதிரிப்பாகம் வாங்கும்போது, விலை குறைந்த ரிப்பேர் கிட்டில் ஜெட், நீடில், ஓ-ரிங், ஊசிவால்வு என்று எல்லாமே இருக்கும். அவற்றில் ஓ-ரிங், கேஸ்கட், தேவைப்பட்டால் ஊசிவால்வு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பித்தளையை அப்படியே பெட்டிக்குள் விட்டுவிடுவது நல்லது. கிட்டில் வருகிற நீடிலின் சரிவு உங்கள் பைக்கினுடையதல்ல. ஜெட்டில் இலக்கம் சரியாக இருந்தாலும் துளை சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முப்பது வருடப் பழைய கேயிஹின் ஜெட், துளை பெருக்கப்படாதிருந்தால், புதிய கொப்பி ஜெட்டைவிட மேல். பஞ்சிகாவத்தையில் பழைய காபரேட்டர் செட் வாங்குகிறவர்கள் ஜெட்டுகளைக் கழற்றி, நாலிலும் ஒரே இலக்கமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் நடுவிலுள்ள இரண்டுக்கும் ஓரத்திலுள்ள இரண்டுக்கும் கம்பனியே வேறு இலக்கம் போட்டிருக்கும், அதைக் கைநூலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எறிந்துவிட்டு நாலு குட்டி ஃபில்டர் பூட்டிய பைக் என்றால் ஒன்று சொல்லவேண்டும். வெற்றிடத்தால் பிஸ்டனைத் தூக்குகிற சி.வி. காபரேட்டருக்கு அந்தப் பெட்டியும் ஓர் உறுப்பு. அது போனால் நடு ஆர்.பி.எம்.மில் விழுகிற பள்ளத்தை எந்த ஜெட்டாலும் முழுதாக நிரப்பமுடியாது. பெட்டியைத் தேடி வாங்கிப் பூட்டுவதுதான் மலிவான வழி.

சமப்படுத்துதல்

நாலும் ஒரே அளவு காற்றை இழுக்கச் செய்கிற இந்த வேலையில் பாதியை மேசையிலேயே முடிக்கலாம். ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி, பட்டர்ஃபிளையின் கீழ் விளிம்பில் கடுதாசித் துண்டொன்று சற்றே பிடித்து வழுக்குகிற அளவுக்கு, அடிப்படைக் காபரேட்டரை, அதாவது மற்ற மூன்றும் ஒத்துப்போகவேண்டியதை, திறந்துவையுங்கள். அதே துண்டு மற்ற மூன்றிலும் அதே இறுக்கத்தில் வழுக்கும்வரை இணைப்பு ஸ்குரூக்களைத் திருகுங்கள். இதைச் செய்யாமல் பைக்கில் பூட்டினால், வெற்றிடமானி பூட்டும்வரை ஐட்லிங்கே நிற்காது.

பைக்கில் பூட்டியபின் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். டாங்கி கழன்றிருக்கும் என்பதால் வேறு பெற்றோல் வழி வேண்டும். புல் வெட்டும் மெசினின் பழைய பிளாஸ்டிக் டாங்கி ஒன்றை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அருமையாக வேலை செய்யும். வேலை வெளியிலேதான். மூடிய கராஜிலும் மாடிக்கட்டிடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்திலும் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது உயிரோடு விளையாடுவது. காற்றால் குளிர்கிற எஞ்சின் என்றால் முன்னால் பெரிய மின்விசிறி ஒன்று வையுங்கள்.

நாலு மானி கொண்ட வெற்றிடமானி செட் இருந்தால் முதலில் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே துவாரத்தில் பூட்டி, ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். காட்டாது. எது எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரட்டைக் காபரேட்டர் பைக்குக்கு மானியே தேவையில்லை. ஒரு மீற்றர் பலகையில் தெளிவான ரியூபை யூ வடிவில் கட்டி, பாதிக்கு இரண்டு-ஸ்ட்ரோக் ஒயில் விட்டு, இரண்டு முனைகளையும் இரண்டு மேனிஃபோல்டிலும் பூட்டினால் போதும். பாதரசத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் ஒயிலில் 15 மில்லிமீற்றர் ஏற்றமாகத் தெரியும், கடைகளில் விற்கிற சாதாரண முள் மானி அவ்வளவு நுணுக்கமில்லை. அதுவே அதன் ஆபத்தும். பட்டர்ஃபிளைகள் அதிகம் வேறுபட்டிருந்தால் ஒயில் முழுவதையும் எஞ்சின் ஒரே இழுவையில் குடித்துவிடும். மேசையில் சமப்படுத்தச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். எஞ்சினை ஓஃப் பண்ணுகிற சுவிட்சில் ஒரு கை இருக்கட்டும்.

இந்த 250 எஞ்சின்களில் ஐட்லிங் பெரும்பாலும் 1500 ஆர்.பி.எம். அளவில். முதலில் ஒன்றையும் இரண்டையும் ஒன்றுக்கொன்று சமப்படுத்துங்கள். பிறகு மூன்றையும் நாலையும். கடைசியில் நடுவிலுள்ள ஸ்குரூவால் இந்தச் சோடியை அந்தச் சோடியோடு. ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு அக்சிலேட்டரை ஒருதரம் சட்டென்று கொடுத்து விட்டு, மானி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஸ்குரூட்ரைவரின் அழுத்தமே அளவை மாற்றும், கையை எடுத்தபின் காட்டுவதுதான் உண்மை. பல ஹொண்டா கைநூல்கள் 20 முதல் 40 மில்லிமீற்றர் பாதரச வித்தியாசம் வரை மன்னிக்கின்றன. பொறுமையிருந்தால் 10க்குள் கொண்டுவரலாம். எவ்வளவு திருகினாலும் ஒன்று மட்டும் முள் நடுங்கிக்கொண்டு கீழேயே நின்றால், மானியைக் கழற்றிவிட்டு அந்தச் சிலிண்டரின் வால்வையும் கொம்பிரஷனையும் அளக்கப் போங்கள்.

பைலட் ஸ்குரூ

காற்று அளவு சமமானபின்தான் பெற்றோல் அளவு. சி.வி. காபரேட்டரில் பைலட் ஸ்குரூ எஞ்சின் பக்கத்தில் இருக்கும், அதை வெளியே திருகினால் பெற்றோல் கூடும். யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றில் வருகிற மிகுனி கம்பனியின் ஸ்லைடு வகைக் காபரேட்டரில் அது ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் காற்று ஸ்குரூ, அங்கே உள்ளே திருகினால்தான் பெற்றோல் கூடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள் முழுக்க எதிர்ப்பக்கம் திருகுகிறவர்கள் நிறையப் பேர்.

நாலையும் கைநூலில் உள்ள சுற்றில் வையுங்கள். சூடான எஞ்சினில் நாலையும் அரைச் சுற்று வெளியே திருகுங்கள். ஆர்.பி.எம். 50க்கு மேல் ஏறினால் இன்னும் அரைச் சுற்று, ஏறாமல் நிற்கும்வரை. ஐட்லிங் ஸ்குரூவால் மறுபடி 1500க்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஒரு காபரேட்டரின் பைலட் ஸ்குரூவை மட்டும், ஆர்.பி.எம். 50 விழும்வரை மெல்ல உள்ளே திருகுங்கள். விழுந்த இடத்திலிருந்து கைநூல் சொல்கிற அளவு, பெரும்பாலும் முக்கால் அல்லது ஒரு சுற்று, வெளியே எடுங்கள். ஐட்லிங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பைக்கின் முள்ளில் 50 ஆர்.பி.எம். தெரியாது, பிளக் வயரில் கொளுவுகிற டிஜிட்டல் மானி வேண்டும். நாலு ஸ்குரூவும் கடைசியில் ஒரே சுற்றில் நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரைச் சுற்று வித்தியாசம் சாதாரணம். ஒன்று மட்டும் மூன்றரைச் சுற்று வெளியே வந்தும் திருப்தியில்லை என்றால், அந்தக் காபரேட்டரின் பைலட் வழி இன்னும் அடைத்திருக்கிறது. அல்லது திருகத் திருக அந்தச் சிலிண்டர் கவனிக்கவே இல்லையென்றால், பழைய தண்ணீர்ச் சோதனைக்குப் போங்கள், அது எரியவே இல்லை.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் தோற்று வருகிற பைக்குகளுக்குப் பைலட் ஸ்குரூவை உள்ளே திருகி, சான்றிதழ் எடுத்தபின் வெளியே திருகுகிற பழக்கம் உண்டு. அங்கே ஐட்லிங்கில் அளப்பதால் அது பலிக்கும். ஆனால் சமப்படுத்தி, ஃப்ளோட் சரிசெய்து, சுத்தமான ஏர் ஃபில்டரும் போட்ட எஞ்சின், ஸ்குரூவைத் தொடாமலே தேறும். தேறவில்லையென்றால் நீடிலும் நீடில் ஜெட்டும் தேய்ந்து, துளை முட்டைவடிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒற்றைக் காபரேட்டர் உள்ள ஹொண்டா சிடி 125, சாலி போன்றவற்றுக்கு இதில் முக்கால்வாசி தேவையில்லை. அக்சிலேட்டர் கேபிளே நேராக மேலே தூக்குகிற ஸ்லைடு வகையில் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போட்டால் நீடில் உயர்ந்து நடுப்பகுதியில் பெற்றோல் கூடும், மேலே போட்டால் குறையும். ஒருதரத்துக்கு ஒரு பள்ளம் மட்டும்.

நுவரெலியா ஏறினால் பைக் மந்தமாகிறது, பிளக் கறுக்கிறது என்பதற்காகக் கொழும்பில் ஜெட்டைக் குறைக்கவேண்டாம். 1868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே பெற்றோலுக்குக் காற்று போதாது. ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டிவிட்டு ஓட்டினால் போதும், இறங்கியதும் தானாகச் சரியாகும்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டை வைத்து ஓடிய காலத்தில் நிறுத்திவைத்த பைக்குகளின் பவுலை இப்போது திறந்தாலும் அடியில் பச்சைப் பசை இருக்கும். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் பைக் நிற்கப்போகிறது என்றால் பெற்றோல் டப்பை மூடி, ஒவ்வொரு பவுலின் வடிகால் ஸ்குரூவையும் அரைச் சுற்றுத் திறந்து, வருகிற பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். டாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள், பாதி டாங்கியில் இந்த ஈரக்காற்று துருவை வளர்க்கும். போத்தலை ஒரு மணித்தியாலம் அசையாமல் வைத்துப் பார்த்தால், அடியில் தனியாக உருளுகிற குமிழ்கள் தண்ணீர், செந்நிறத் தூள் டாங்கித் துரு. துரு தெரிந்தால் காபரேட்டரை மறுபடி பூட்ட முன் டாங்கியை இறக்குங்கள்.